சாப்பிட அடம்பிடிக்கும் பூனை... மாத்திரை கொடுப்பது எப்படி?

மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் நான்கு வயதுப் பெட்டைப் பூனை ஒன்று இருக்கிறது. நெல்லும் நிலக்கடலையும் இருப்பு வைக்கும் அறையில் எலி நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்வது அதுதான். சில மாதங்களாக அதற்கு அடிக்கடி வாந்தி, கழிச்சல். எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பால் மட்டும் குடிக்கிறது. கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைத்ததிலிருந்து சோற்றுப் பக்கமே வருவதில்லை. கடிதத்தின் கடைசி வரி இது: ‘உடம்பு சுடுகிறது. வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா என்று அத்தை கேட்கிறார்.’

கடைசி வரிக்குத்தான் முதல் பதில். கொடுக்கவே கூடாது. கால் துண்டும் கூடாது.

நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலை நம் கல்லீரல் மாற்றிச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலைக்கு வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிக மிகக் குறைவு. அதனால் மருந்து நஞ்சாகத் தங்கி, ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. ரத்தம் ஓடும், ஆனால், பிராணவாயுவைச் சுமக்காது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். மூச்சு வாங்கும். சிறுநீர் கருத்துப் போகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். பூனைக்கு இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. தெரியாமல் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மாத்திரை அட்டையுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் போனால் மாற்று மருந்து உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் என்று மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் வாங்கி வைத்திருப்பவையும் பூனைக்கு நஞ்சுதான். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

இப்போது பாலுக்கு வருவோம். குட்டியாக இருக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பூனையின் குடலில் நிறைய இருக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துவிடும். பசும்பாலில் 100 மில்லிக்கு நான்கரை முதல் ஐந்து கிராம் வரை லாக்டோஸ் இருக்கிறது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, நீரை இழுத்து, கழிச்சலாகப் போகிறது. எல்லாப் பூனைக்கும் இப்படி ஆவதில்லை; வயிறு லேசான பூனைக்குக் கட்டாயம் ஆகும். ‘பால் மட்டும்தான் குடிக்கிறது, அதையும் நிறுத்தினால் என்ன ஆகும்?’ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால், பால் வயிற்றை நிரப்பிவிடுவதால்தான் மற்றதைத் தொடாமல் இருக்கிறது என்பதும் உண்மை. பாலை நிறுத்திப் பத்து நாள் பார்த்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

பாலை நிறுத்தலாம் என்பதற்காகப் பூனையைப் பட்டினி போட்டுவிடக் கூடாது. ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்ற கணக்கு மாட்டுக்கும் நாய்க்கும் ஓரளவு ஒத்துவரும், பூனைக்கு ஒத்துவராது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் தின்னாத பூனைக்கு, உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியத் தொடங்கும். கொழுத்த பூனையாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். காதின் உட்புறமும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிட்ட பிறகு காப்பாற்றுவது கடினம். வளர்ந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் அது அடம் அல்ல. நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கு அரை நாள்தான் கெடு.

என்ன கொடுப்பது? பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. வீட்டில் எலியே தின்று வாழும் பூனை நாளைக்கு ஏழெட்டுச் சுண்டெலி பிடித்தால்தான் அதன் பசி அடங்கும். அந்தச் சுண்டெலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர். அதனால்தான் பூனைக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் குறைவு. சோறும் ரசமும், சோறும் தயிரும் அதற்குச் சாப்பாடு அல்ல; வேறு வழியில்லாமல் தின்கிறது, அவ்வளவுதான். இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. அது போதாமல் போனால் கண்பார்வை கெடும். இதயத் தசை தளர்ந்து போவதற்கும் டாரின் குறைவே காரணம் என்பதை 1987-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூனைத் தீவனம் தயாரிக்கும் நிறுவனங்கள் அதன் பிறகுதான் டாரின் அளவைக் கூட்டின.

வயிறு கெட்டிருக்கும் நாள்களில் எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சுக் கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்துக் கொடுக்கலாம். உப்பு, மஞ்சள், மிளகாய், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தச்சோகையை உண்டாக்கும். கறி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையே ஊற்றிக் கொடுக்க வேண்டும். டாரின் நீரில் கரையக்கூடியது. கறியிலிருந்து இறங்கி அந்தத் தண்ணீரில்தான் நிற்கும். குழைய வடித்த சோற்றில் ஒரு தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வேளையாக வைக்காமல், முதல் நாள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி. வாந்தி நின்றால் அளவைக் கூட்டலாம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளைக்கு 200 முதல் 250 கலோரி தேவை. வெறும் கோழிக்கறி என்றால் சுமார் 150 கிராம் ஆகும். பத்து நாளைக்கு மேல் இதையே கொடுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. சுண்ணாம்புச் சத்து குறைந்துபோகும்.

முகர்ந்துவிட்டுப் போகும் பூனைக்கு ஒரு வழி இருக்கிறது. பூனை நாக்கை நம்புவதைவிட மூக்கைத்தான் நம்பும். ஆறிப்போன கறியிலும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீனிலும் வாசம் எழாது. வெதுவெதுப்பாக, எலியின் உடம்புச் சூட்டுக்கு இருந்தால் அதே கறியைத் தின்னும். தட்டு அகலமாக இருக்கட்டும். மாட்டுக் கொட்டகையில் நாய் சுற்றும் இடத்தில் வைத்தால் எந்தப் பூனையும் நிம்மதியாகச் சாப்பிடாது. புதிய தீவனத்துக்கு மாற்றுவதென்றால் பழையதோடு கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்குத் தீவனம் மாற்றும்போது இதைச் சரியாகச் செய்கிறவர்கள்கூடப் பூனைக்கு ஒரே நாளில் மாற்றிவிட்டு, ‘இந்தத் தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறார்கள்.

மீன் கொடுக்கலாம், வேகவைத்து, முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். சில வகை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வெந்தால் அது செயலிழந்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். வயிறு சரியில்லாத பூனைக்கு ஆகாது. கோழி ஈரல் பிடிக்கும் என்று தினமும் ஈரலாகவே கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பில் முண்டு முளைக்கும். வாரம் ஒரு நாள் சிறு துண்டு போதும். முட்டை என்றால் அவித்த முட்டை. நன்றாகத் தின்னும் பூனை எலி பிடிக்காது என்று நினைத்து அரை வயிறு போடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அது அதன் பிறவிக் குணம். அரை வயிற்றுப் பூனைதான் குப்பையைக் கிளறி வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறது.

சாப்பாட்டை மாற்றியும் வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டையும் தோட்டத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். விவசாயி வீட்டுப் பூனைக்கு மட்டும் உள்ள ஆபத்துகள் சில உண்டு. பூனை விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். ரோமத்தில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். பூஞ்சணக்கொல்லியில் விதைநேர்த்தி செய்த நிலக்கடலை மூட்டை மேல் அது படுத்துத் தூங்குகிறதா? இருப்பு அறையில் மாலத்தியான் தூள் தூவியிருக்கிறதா? தெளிப்பான் கழுவிய தண்ணீர் தேங்கும் இடம் எங்கே? களைக்கொல்லி அடித்த வரப்பில் அறுகம்புல் மேய்கிறதா? பூனை புல் தின்பது இயல்பு. மருந்து அடித்த புல்லைத் தின்பதுதான் தொல்லை. பூனை உறங்கும் இடத்தை மாற்றினாலே சில வீடுகளில் நோய் போய்விடும். எலிக்கு வைக்கும் விஷத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புரோமடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. தடுமாறித் திரியும் அந்த எலியைத்தான் பூனை சுலபமாகப் பிடிக்கும். நான்கைந்து நாள் கழித்துப் பூனையின் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால் இதை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். பூனையும் வேண்டும், விஷக் கட்டியும் வேண்டும் என்றால் நடக்காது. பூனை உள்ள வீட்டில் எலிப்பொறியும் கிட்டியும்தான் சரி.

இன்னொரு காரணம் குடற்புழு. எலியும் தெள்ளுப்பூச்சியும் வழியாகப் பூனைக்கு நாடாப்புழு வரும். மலத்துவாரத்தைச் சுற்றியும் படுக்கையிலும் அரிசி போல, வெள்ளரி விதை போலக் காய்ந்து ஒட்டியிருப்பது அதன் துண்டுகள்தான். எலி பிடிக்கும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து தேவை. பைரான்டல், பிரசிகுவான்டல் இரண்டும் சேர்ந்த பூனை மாத்திரைகள் கிடைக்கின்றன. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய அல்பெண்டசோல் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடக் கூடாது. பூனையின் எலும்பு மஜ்ஜையை அது பாதிக்கக்கூடும். மாட்டு உண்ணிக்கு வாங்கிய சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகளையும், நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் மருந்தையும் பூனை மேல் தடவினால் நடுக்கமும் வலிப்பும் வந்து சாகும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு அரைத்துக் கால்நடைக்குக் கொடுக்கும் மூலிகை மருந்து மாட்டுக்கு நல்லதாக இருக்கலாம். மேலே சொன்ன காரணத்தால் பூனைக்கு ஆகாது.

அடுத்து, வாசகியின் நேரடிக் கேள்வியான மாத்திரை கொடுக்கும் முறை. சோற்றில் பிசைந்து வைத்ததுதான் அங்கே நடந்த தவறு. பூனை கசப்பை நன்றாக உணரும். ஒரு சாப்பாட்டில் ஒரு முறை கசப்போ குமட்டலோ கண்டுவிட்டால் அந்தச் சாப்பாட்டையே பல வாரங்களுக்கு ஒதுக்கிவிடும். அன்றாட உணவில் மருந்து கலப்பது மருந்தையும் உணவையும் ஒன்றாக இழக்கும் வழி. வெல்லத்திலோ தேனிலோ மறைத்தும் பயனில்லை. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனைக்குச் செயலிழந்து கிடப்பதை 2005-ல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள்.

சாதாரணமாகக் கொடுக்காத, அதற்கு மிகவும் பிடித்த ஒன்றை மாத்திரைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். வேகவைத்த மீனையோ கோழி ஈரலையோ பிசைந்து சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை. முதல் உருண்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையை நறுக்கலாமா, பொடிக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். மேல் பூச்சு உள்ள மாத்திரையைப் பொடித்தால் கசப்பு வெளியே வந்துவிடும்.

இதற்கும் மசியாத பூனைக்குக் கையால்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. பழைய துண்டால் கழுத்துவரை சுற்றி, நான்கு காலும் உள்ளே இருக்கும்படி மடியிலோ திண்ணையிலோ உட்கார வைக்க வேண்டும். பூனையின் முகம் எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். நேருக்கு நேர் நின்றால் மிரளும். இடது கையைத் தலைக்கு மேலிருந்து கொண்டுபோய், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு கன்ன எலும்பில் பதியும்படி பிடித்து மூக்கை மேல்நோக்கிச் சாய்த்தால் கீழ்த்தாடை தானாகக் கொஞ்சம் திறக்கும். வலது கை நடுவிரலால் கீழ்த்தாடையின் முன்பற்களை அழுத்தி, மாத்திரையை நாக்கின் நடுவில், முடிந்தவரை பின்னால் போட வேண்டும். ஓரத்தில் போட்டால் துப்பிவிடும். உடனே வாயை மூடித் தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். பூனை மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லாம் சேர்ந்து பத்து விநாடி. மூன்று முறை முயன்றும் நடக்கவில்லை என்றால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது. மல்லுக்கட்டினால் அடுத்த வேளைக்குப் பூனை பரண் மேல்தான் இருக்கும்.

மாத்திரை உள்ளே போனதும் வேலை முடியவில்லை. பூனைக்கு உலர்ந்த மாத்திரை பல நேரம் உணவுக்குழாயிலேயே நின்றுவிடும். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை அப்படி ஒட்டினால் அங்கே புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிப்போகும். அதனால் மாத்திரைக்குப் பின் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் கட்டாயம் கொடுக்க வேண்டும். பாலில் கொடுக்க வேண்டாம். இந்த வகை மருந்து உடம்பில் சேர்வதைப் பால் குறைக்கும். தண்ணீரோ, திரவ மருந்தோ, கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்து ஓரமாக விட வேண்டும். மாட்டுக்கு மூங்கில் குழாயில் ஊற்றுவது போலத் தலையைத் தூக்கி ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அரை மில்லி, ஒரு மில்லியாக, விழுங்க விழுங்கக் கொடுக்கலாம். கசப்பு மருந்து பட்டால் வாயில் நுரை தள்ளும். பயப்பட வேண்டாம், ஓரிரு நிமிடத்தில் நிற்கும். கடைசியில் மூக்கில் துளி நெய் தடவினால் நக்கி நக்கி இன்னும் கொஞ்சம் எச்சில் இறங்கும்.

இந்த வேலையில் கடியோ கீறலோ பட்டால் அலட்சியம் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். அங்கே அது இலவசம். பூனைக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. நாய்க்குப் போடுகிற வீடுகளில்கூடப் பூனையை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லை, எடை குறைகிறது, வாந்தியில் ரத்தம், மலம் தார் போலக் கருப்பு என்றால் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் நாமக்கல் அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிச் சிகிச்சை வளாகத்துக்குக் கொண்டுபோகலாம். மணப்பாறையிலிருந்து இரண்டுமே போய்வரக்கூடிய தூரம்தான். போகும்போது அன்றைய மலத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துப் போனால் புழு முட்டை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள்.

பூனை பற்றி இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. சுருக்கமான பதில் போதும், ஆனால் அவசரம். திண்டுக்கல் பக்கத்து வாசகர் ஒருவர் தன் கடுவன் பூனை நேற்றிலிருந்து முக்கி முக்கி உட்காருவதாகவும், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். எண்ணெயை வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். அதைவிட முக்கியம், கடுவன் பூனை முக்குவது பெரும்பாலும் மலத்துக்காக அல்ல. சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டு, தொட்டால் கத்தினால், சிறுநீர் சொட்டுச் சொட்டாகவோ வராமலோ இருந்தால், அடுத்த நாள் வரை வைத்திருக்க முடியாது. கால்நடை மருத்துவர் குழாய் போட்டு எடுத்துவிடுவார். கடிதம் வந்து சேர்ந்த நாளிலேயே அந்த வாசகருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லப்பட்டுவிட்டது. மற்ற வீடுகளில் கடுவன் பூனை வைத்திருப்பவர்களுக்காக இங்கே அச்சாகிறது.